ஹார்ட் டிஸ்க்கில் கலாமணியின் குரல்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வயிற்றுக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தேன். செரித்தது. எச்சில் உறிஞ்சும் மெஷினின் பாட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தேன். படுக்கைப் புண் எதுவும் இல்லை.

டாக்டர் இளவழகன் எழுதி வைக்கச் சொன்னது இவ்வளவுதான். மற்றதை நானாக எழுதுகிறேன். இந்த வீட்டில் பேசுவதற்கு வேறு வழி குறைவு.

இன்று லேப்டாப்பின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. டிரைவில் பிழைகள் இருக்கின்றனவாம், சரிசெய்ய மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டுமாம். மூடிவிட்டேன். இந்த வீட்டில் வேறு எது கெட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம், அது கெடக்கூடாது. என் மனைவி கலாமணிக்கு வாய் அதுதான்.

நரம்பு நோய் அவளுக்கு முதலில் விரலில் வந்தது. பிறகு கை, கால், கடைசியில் நாக்கு. இப்போது அசைவது கண் மட்டும். திரைக்கு அடியில் ஒரு சின்னக் காமிரா இருக்கிறது. கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை அது எழுதும், எழுதியதைச் செய்தி வாசிப்பது மாதிரி ஒரு இயந்திரக் குரல் வாசிக்கும். ஆனால் அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை நாக்கு போவதற்கு முன்பே தன் சொந்தக் குரலில் பதிந்து வைத்துவிட்டாள். "ஃபேனைக் கொறைங்க." "முதுகு அரிக்குதுங்க." "இந்தச் சேனலை மாத்துங்க." நூற்றுக்கணக்கில். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் மெர்ச்சன்டைசராக இருந்து, ஆர்டர்களை நேரத்துக்கு முடிக்க வைத்தவள். சாயப்பட்டறைக்காரர்களைப் போனிலேயே நடுங்க வைத்த குரல். பொத்தானைக் கண்ணால் தொட்டால் அதே குரல் வரும்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் வந்தார். மூச்சை அளந்து பார்த்துவிட்டு நாற்காலியை அவள் கண்ணுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கலாமணிங்க, நேராவே சொல்லீர்றேன். மூச்சுக்குப் போடற மாஸ்க் மெஷின் இனிமேல் பத்தாதுங்க. தொண்டையில ஓட்டை போட்டு வென்டிலேட்டர் வெச்சா இன்னும் பல வருஷம் இருக்கலாம். வேண்டாம்னா அதுவும் சரிதான், கஷ்டமில்லாம நான் பாத்துக்கறேன். எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

அவர் கேட்டது என்னை அல்ல. இருந்தாலும் சொன்னேன், "வெச்சுக்கலாங்க டாக்டர். அதுலென்ன யோசனை."

"அவங்க சொல்லட்டுங்க" என்றார்.

கலா எழுத ஆரம்பித்தாள். 'எனக்குத் தொண்டையில' என்பது வரை வந்தது. அப்புறம் கர்சர் நின்றது. திரை முழுக்க நீலமாகி, ஒரு சோக முகம் வந்து, சிக்கல் ஏற்பட்டுவிட்டது என்றது. தானாக அணைந்து தானாக எழுந்து, டிரைவை ஸ்கேன் செய்து பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு சதவீதக் கணக்கில் உட்கார்ந்துவிட்டது. டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவருக்கு வேறு நோயாளிகள் இருக்கிறார்கள்.

"சரி பண்ணி வைங்க. அடுத்த வாரம் வர்றேன். ரொம்ப நாள் இல்லீங்க" என்று வாசலில் சொன்னார்.

என்ன சொல்லியிருப்பாள்? வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஜூன் 6, வெள்ளி

ஸ்கேன் நகரவே இல்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 7, சனி

குமரன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷாஜகானுக்குப் போன் செய்தேன். லேப்டாப்பும் காமிராவும் அவர் கடையில் வாங்கியதுதான்.

"அண்ணா, அதை மறுபடி ஆன் பண்ணாதீங்க. ஸ்கேனெல்லாம் ஓட்டவே ஓட்டாதீங்க" என்றார். "டிஸ்க் சாகற நெலமையில இருக்குது. ஸ்கேன் ஓட்டுனா இருக்கறதையும் தின்னுபோடும். அப்படியே ஆஃப் பண்ணிக் கொண்டாங்க. உள்ள இருக்கறதை மொதல்ல வெளிய எடுத்துப் போடலாம், மத்ததெல்லாம் அப்புறம். இல்லீன்னா நானே வந்து வாங்கிக்கட்டுங்களா?"

வெளி ஆட்கள் உள்ளே வந்தால் கலாவுக்குச் சளி பிடித்துவிடும். திங்கட்கிழமை நானே கொண்டுவருவதாகச் சொன்னேன்.

மத்தியானம் அவளை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, ஒரு தடவை ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன். தானாகச் சரியாகிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

ஜூன் 8, ஞாயிறு

லேப்டாப் வேலை செய்யாததால் பழைய எழுத்து அட்டையை எடுத்தேன். நான் வரிசையாக விரலை ஓட்டுவேன். சரியான எழுத்து வந்தால் கண்ணை மேலே உயர்த்துவாள், தப்பென்றால் கீழே இறக்குவாள். ஒரு சொல்லுக்கு ரொம்ப நேரம் பிடிக்கும், இரண்டு பேருக்கும் அலுப்பு.

"டாக்டர் கேட்டதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டேன்.

'வே' வந்தது. பிறகு 'ண்'. பிறகு 'ட' வரிசையில் கண்ணை உயர்த்தினாள்.

"போதும் கலா, புரிஞ்சுது. வேண்டும். எனக்குத் தெரியுமே" என்று அட்டையை மடித்துவிட்டேன். எதற்கு அவளைச் சிரமப்படுத்துவது.

அதற்கப்புறம் அவள் கண் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் கூசுகிறது போல. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்து, கலா சம்மதித்துவிட்டாள், தேதி கொடுங்கள் என்றேன். வந்து ஒரு தடவை தானே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான், சட்டப்படி ஏதோ இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

கடைக்குப் போக முடியவில்லை. காலையில் கலாவைத் துடைத்து உடை மாற்றிவிடும் ரோஸி ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுகிறாள். ராத்திரிக்கு ஒரு நர்ஸ் பெண் இருந்தாள், போன தீபாவளியோடு நிறுத்திவிட்டேன். கலாவோடு சேர்ந்து டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். வேலையில் கவனம் இல்லை.

கலாவின் தங்கை பூங்கொடி கோபியிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, அக்கா ஏன் மெசேஜே போட மாட்டீங்கறா? தெனமும் காலையில ஒண்ணு வந்துரும்."

"நெட் வர்றதில்ல அம்மணி."

"வீடியோவுல காட்டுங்க, பாத்துக்கறேன்."

"தூங்கறா."

தூங்கவில்லை. ஆனால் அப்போதுதான் கஞ்சி கொடுத்திருந்தேன். அந்த நேரத்தில் உணர்ச்சிவசப்பட்டால் மூச்சு வாங்கும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

இன்று லேப்டாப் வேறு பாஷை பேசியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: டிஸ்க் விரைவில் செயலிழக்கப் போகிறது, உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து பல்லி கத்துவது போல ஒரு சத்தம். போனில் இணையத்தைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவன் ஷாஜகான் சொன்னதையேதான் சொல்கிறான். இன்னொருவன் ஸ்கேனை மூன்று தடவை ஓட்டித் தன்னுடையதைச் சரிசெய்துவிட்டதாக எழுதியிருந்தான். அவன் சொன்னபடி செய்தேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. ஃபேனைக் கூட்டு, குறை என்று எதுவும் இல்லை. அவளுக்கு என்ன தேவை என்பது இத்தனை நாளில் எனக்கே தெரிந்துவிட்டது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 12, வியாழன்

அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்து விரலை ஓட்டினேன். 'இ', 'ங்', 'கே' என்று வந்தது.

"இங்கேயா? எங்கே வலிக்குது? தோளா? இடுப்பா?"

கண்ணைக் கீழே இறக்கினாள். மறுபடி இறக்கினாள். தோளில் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். சுகமாக இருந்திருக்கும்.

ஜூன் 14, சனி

டாக்டர் வந்தார். மாஸ்க் போட்டிருந்தும் மூச்சு போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது. அவள் அருகில் குனிந்து, "தொண்டையில ஓட்டை போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார்.

கண்ணை மேலே உயர்த்தினாள்.

"பாத்தீங்களா டாக்டர்" என்றேன்.

ஆனால் உடனே கீழே இறக்கினாள். பிறகு மேலே. பிறகு கீழே. டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டையும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஓரத்தில் கண்ணீர் வழிந்தது. இமை சரியாக மூடாததால் அப்படி வடிவது உண்டு.

"இவங்க ஏதோ சொல்ல வர்றாங்க. ஆமா, இல்லைன்னு முடியற விஷயமில்ல அது" என்றார் டாக்டர். "லேப்டாப் என்னாச்சுங்க நாச்சிமுத்து?"

"ரிப்பேர் பாத்துட்டிருக்கறேன்."

"கடைக்கே போகலீங்களா இன்னும்?" அவர் குரல் மாறியது. "அவங்க வார்த்தையில கேக்காம நான் தேதி குடுக்க மாட்டேன். மூச்சு அது வரைக்கும் காத்துட்டு இருக்காது. புரியுதுங்களா?"

புரிகிறது என்றேன். வீட்டை விட்டு நான் எப்படி வெளியே போவது என்பது அவருக்குப் புரியவில்லை. சாயங்காலம் மறுபடி ஸ்கேன் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

முடிந்தது. ஸ்டார்ட் செய்தால் ஒரே ஒரு வரி: இயக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. பல்லிச் சத்தமும் நின்றுவிட்டது.

மனது லேசானது என்று எழுதினால் தப்பாகத் தெரியும். அப்படி இல்லை. என்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று, அந்த நிம்மதிதான். அவள் எனக்கு வேண்டும். அதற்கு மேல் பேச்சு எதற்கு?

ஜூன் 17, செவ்வாய்

ரோஸி கிளம்புவதற்குக் கதவைத் திறந்தாள், வாசலில் பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் அக்காவின் நெற்றியில் கை வைத்தாள். கலாவின் மூச்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

"அவளை அழ வெக்காத அம்மணி, சளி கட்டும்" என்றேன்.

"அழுவட்டும் மாமா."

அட்டையை அவளே தேடி எடுத்தாள். அவளுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தடுமாறினாள், தப்பாகப் படித்தாள், முதலிலிருந்து ஆரம்பித்தாள். கலாவும் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கண்ணை உயர்த்தினாள். நான் இரண்டு தடவை அது என்ன சொல் என்று சொல்லப் போனேன். பூங்கொடி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். கஞ்சி நேரம் தாண்டியது. கடைசியில் வந்தது: லேப்டாப். கடைக்கு.

"எங்க மாமா அது?"

பீரோ மேலே துணி போட்டு மூடியிருந்தேன். தூசி படக்கூடாது என்பதற்காக.

"எத்தனை நாளா இப்படிக் கெடக்குது?"

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். இவளை விட்டுட்டு நான் எப்படிப் போறது? ஒத்த ஆளு..."

"ஒத்த ஆளா உங்களை யாரு இருக்கச் சொன்னது? மாசத்துல பாதி நாள் நான் வந்து இருக்கறேன்னு சொன்னேன். வேண்டாம்னீங்க. அந்த நர்ஸுப் புள்ளையைத் தொரத்தி உட்டீங்க. கோபிக்குக் கூட்டீட்டுப் போறேன்னேன், அதுக்குப் பதிலே சொல்லுல." பீரோ மேலிருந்த துணியை இழுத்தாள். "அக்கா நாக்குப் போனப்ப அழுவுல மாமா. அந்த லேப்டாப் வந்த அன்னைக்கு அழுதா. உங்களுக்கு மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அன்றைக்கு அவள் முதலில் எழுதியது என் பெயரை.

நாளை நான் கடைக்குப் போவதாகவும் பூங்கொடி இங்கே இருப்பதாகவும் முடிவானது. முடிவு செய்தது அவர்கள் இருவரும்.

ஜூன் 18, புதன்

ஷாஜகான் லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"எத்தனை தடவைண்ணா ஸ்கேன் ஓட்டுனீங்க?"

"ஒரு தடவை."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "புது டிஸ்க் போட்டு, படிக்க முடியறதை மட்டும் அதுல எடுத்து வெக்கறேன். கண்ணுல எழுதற சாஃப்ட்வேர் வேலை செஞ்சுரும். அக்காவோட குரல் இருக்கற ஃபோல்டருதான், அந்த எடமே அடிபட்டுருக்குது. பாக்கலாம். வெள்ளிக்கெழமை வாங்க."

வெளியே வந்தேன். மணி பதினொன்றுதான். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, எந்த மருந்துக்கும் நேரமாகவில்லை. எங்கே போவதென்று தெரியவில்லை. ஒரு பேக்கரியில் நின்று டீ குடித்தேன். டீ மாஸ்டர் சர்க்கரை போதுமா என்று கேட்டார். பதில் சொல்லச் சற்று நேரமானது. என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு நாளாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

லேப்டாப் வந்துவிட்டது. முன்பைவிட வேகம்.

குரல் போய்விட்டது. கலா ஒவ்வொரு பொத்தானாகக் கண்ணால் தொட்டாள். ஃபேன், சத்தம் இல்லை. தண்ணீர், இல்லை. என் பெயர், இல்லை. 'கொசு கடிக்குதுங்க' மட்டும் வந்தது, அதுவும் பாதியில் கரகரத்தது. சேனலை மாற்றச் சொல்வது முழுதாக வந்தது. இன்னும் நாலைந்து. அவ்வளவுதான். பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

கலா எல்லாப் பொத்தான்களையும் தொட்டுப் பார்த்து முடித்தாள். பிறகு எழுத்துப் பலகையைத் திறந்து எழுதினாள். இயந்திரக் குரல் வாசித்தது: "டாக்டரை வரச் சொல்லுங்க."

ஜூன் 21, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர் நாற்காலியில், பூங்கொடி கட்டில் ஓரத்தில், நான் கதவருகில். கலா எழுதினாள். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, நான் போகப் புறப்பட்டேன், டாக்டர் இருக்கச் சொன்னார்.

"எனக்குத் தொண்டையில ஓட்டை போடுங்க. நான் உயிரோட இருக்கோணும்."

கதவைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டேன்.

கலா நிறுத்தவில்லை. கண் எழுத்திலிருந்து எழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இங்கே வேண்டாம். ஆபரேஷன் முடிஞ்சதும் கோபிக்குப் போறேன். பூங்கொடி வீட்டுல இருக்கறேன். நர்ஸ் வெச்சுக்கலாம்."

"இங்க என்ன கொறை?" என்று கேட்டேன். "ஒரு புண் வந்துருக்குதா உனக்கு? ஒரு நாள் கஞ்சி தவறியிருக்குதா?"

டாக்டர் கையை உயர்த்தினார். கலா எழுதினாள். வெகுநேரம் ஆனது.

"ஒரு குறையும் இல்லை. நல்லாப் பாத்துக்கறீங்க. ஆனா நான் சொல்றதுக்கு முன்னால நீங்களே சொல்லீர்றீங்க. இருக்கோணும்னா நான் பேசோணும்."

இயந்திரம் அதைக் கோபமோ வருத்தமோ இல்லாமல் வாசித்தது. கலாவின் குரலில் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். அதற்கு வழி இல்லை.

குக்கரை அணைக்கப் போனேன். அடுப்பு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை நாளும் நான் பயந்தது அவள் வேறொன்றைச் சொல்லிவிடுவாள் என்று. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் இட்லி சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

ஆம்புலன்ஸில் கோபிக்கு அழைத்துப் போனோம். பூங்கொடி வீட்டின் முன்னறையில் கட்டில். ஜன்னலுக்கு வெளியே ரோடு, எதிரில் மளிகைக்கடை, எப்போதும் ஆள் நடமாட்டம். நர்ஸ் பெண்ணின் பெயர் சகுந்தலா. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கலாவிடம் போய், "உங்களுக்கு எப்படிங்கக்கா வசதி?" என்று கேட்டாள்.

கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

ஜூலை 10, வியாழன்

கோபி போய் வந்தேன். கலாவுக்குக் காய்ச்சல் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

கோபி.

ஜூலை 12, சனி

கோபி. போகும்போது பூங்கொடியும் சகுந்தலாவும் கலாவைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ கல்யாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி கலா என்னவோ எழுதியிருக்கிறாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் எழுந்து இடம் விட்டார்கள். கலாவின் நகம் வளர்ந்திருந்தது, வெட்டிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்றும் போனேன், இன்றும் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செய்ய வேலை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சகுந்தலா செய்து முடித்திருந்தாள். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் போன் செய்ததை கலாவிடம் சொன்னேன். குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறதாம், மறுபடி வருகிறாயா என்று கேட்டார். முடியாது என்று சொல்லப் போவதாகச் சொன்னேன். நான் தினமும் இங்கே வர வேண்டுமே.

கலா திரையைப் பார்த்தாள். எழுத ஆரம்பித்தாள். 'வேலைக்கு' என்று வந்தது.

"வேலைக்குப் போ..." என்று என் வாய் முந்தியது. கலாவின் கண் எழுத்தை விட்டு என் மேல் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். மறுபடி திரைக்குப் போனாள். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. வென்டிலேட்டர் அதன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எதிர் மளிகைக்கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கினார்கள். எனக்கு பஸ் நேரம் தாண்டியது.

"வேலைக்குப் போங்க. ஞாயித்துக்கெழமை வாங்க. நடுவுல வராதீங்க."

சரி என்றேன். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். அவள் கண் இன்னும் திரையில்தான் இருந்தது. இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் முடிக்கும் வரைக்கும் நின்றேன்.

செய்தி வாசிப்பது போல அந்தக் குரல் வாசித்தது:

"கண்ணைத் தொடைச்சுட்டுப் போங்க. பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்க."